வெட்ட வெட்ட வாழும் காடு

(இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர்)



மறுசந்திப்பு மலருக்குக் கட்டுரை கேட்ட என் சீனியர் அண்ணன், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "விடுதிச் சாம்பாரைப் பத்தியும் கேம்பஸ் இண்டர்வியூவைப் பத்தியும் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிட்டாங்க. நீ வேற ஏதாவது எழுது. வரலாறு மாதிரி இருந்தா நல்லது" என்றார். பொறியியல் படித்தவனிடம் வரலாறு கேட்கிறாரே என்று முதலில் தயங்கினேன். பிறகு, சில ஆண்டுகளாக வார இறுதிகளில் நான் செய்துவரும் ஒரு காரியத்துக்குப் பின்னால் எழுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருப்பது நினைவுக்கு வந்தது. அதையே எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரத்துக்கு அருகே வேலை பார்க்கிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், ஊர்ப் பக்கத்துச் சிறு காடு ஒன்றுக்குப் போய் மரம் வெட்டுகிறேன். கூலி கிடையாது. இதைக் கேட்ட நம் பேட்ச் நண்பன் ஒருவன், "விறகு வெட்டறதுக்கு விசா வாங்கிட்டுப் போன முதல் ஆள் நீதான்டா" என்றான். சிரித்துக்கொண்டாலும் அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டம், கையில் ரம்பத்தோடும் கொடுவாளோடும் காட்டுக்குள் போவானேன்? காட்டைக் காப்பதென்றால் வேலி போட்டுப் பூட்டி வைப்பது, இல்லையென்றால் புதிதாக மரம் நடுவது. நமக்குப் பழக்கமானவை இந்த இரண்டும்தான். 1950இல் கே.எம்.முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்ததிலிருந்து நம் நாட்டில் நடுவிழாக்களுக்குக் குறைவில்லை. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்த பிறகு, கன்று நடாத முகாம் என்று ஒன்றைப் பார்ப்பது அரிது. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெரியப்பா சொன்ன விளக்கம்

முதலில் அந்த வெட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இதைக் காப்பிஸ் என்கிறார்கள். ஹேசல், ஆஷ், மேப்பிள் போன்ற மரங்களைக் குளிர்காலத்தில், இலை உதிர்ந்து மரம் உறங்கும் நேரத்தில், தரையை ஒட்டி வெட்டிவிடுவார்கள். வேரும் அடிக்கட்டையும் அப்படியே இருக்கும். வசந்தம் வந்ததும் அந்த அடிக்கட்டையிலிருந்து ஏராளமான குருத்துகள் கிளம்பி, நேராக, கம்பு கம்பாக வளரும். ஹேசலாக இருந்தால் ஏழு முதல் பத்து ஆண்டுகளில் மறுபடி வெட்டுக்குத் தயார்.

இதைப் படமெடுத்து ஊரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். அவர் பண்ருட்டிப் பக்கம் கரும்பும் தைலமரமும் வைத்திருப்பவர். போனில் கூப்பிட்டு, "இதுல என்னப்பா அதிசயம்? கரும்புல மறுதாம்பு விடறதில்லையா? தைலமரத்தை வெட்டினா கட்டையிலிருந்து தானா துளிர்க்குது. சவுக்குதான் அப்படி வராது, புதுசா நடணும். வெள்ளைக்காரன் மறுதாம்புக் காடு வச்சிருக்கான், அவ்வளவுதான்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். நான் நான்கு புத்தகம் படித்துப் புரிந்துகொண்டது அது.

கரும்பின் மறுதாம்பு இரண்டு மூன்று முறைக்கு மேல் தாங்காது. காப்பிஸ் மரமோ வெட்ட வெட்ட ஆயுள் கூடுகிறது. தானாக வளரும் ஆஷ் மரம் இருநூறு ஆண்டு தாண்டினாலே கிழம். முறையாக வெட்டப்பட்டுவரும் ஆஷ் அடிக்கட்டைகள் பல நூறு ஆண்டுகள் இருக்கின்றன. சஃபோக் மாவட்டத்து பிராட்ஃபீல்டு காட்டில் இருக்கும் ஓர் அடிக்கட்டைக்கு ஆயிரம் வயது இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் வயது!

காடு முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டமாட்டார்கள். பகுதி பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றாக முறை வைத்து வெட்டுவார்கள். கடைசிப் பகுதியை முடிக்கும்போது முதல் பகுதி மறுபடி வளர்ந்து நிற்கும். நடுநடுவே ஓக் மரங்களை மட்டும் வெட்டாமல் விட்டு, வீட்டு உத்தரத்துக்கும் கப்பல் கட்டவும் வளர்ப்பார்கள். கீழே வளரும் கம்புகளில் படல் பின்னினார்கள். ஆட்டுக்கிடை போட நம் ஊரில் கட்டுகிறோமே, அதே படல்தான். வீட்டுச் சுவருக்குத் தட்டி கட்டி மண் பூசினார்கள். கூரை வேயக் குச்சி எடுத்தார்கள். மிச்சம் அடுப்புக்குப் போனது. நம் உற்பத்திப் பொறியியல் வகுப்பில் படித்த தொடர் உற்பத்திக்கு இதைவிடப் பழைய உதாரணம் நான் பார்த்ததில்லை.

1251ஆம் ஆண்டுக் கணக்கு

நான் வேலை செய்யும் காட்டுக்கு எழுதிவைத்த வரலாறு அதிகம் இல்லை. ஆனால் கேம்பிரிட்ஜுக்கு மேற்கே ஹேலி என்றொரு காடு இருக்கிறது. இங்கிலாந்தில் சின்னக் காடு ஒன்றுக்கு இவ்வளவு விரிவாக வரலாறு எழுதப்பட்டது அபூர்வம். அதை எழுதியவர் ஆலிவர் ராக்கம். 1939இல் பிறந்து 2015இல் மறைந்த தாவரவியல் அறிஞர், கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்காரர். எப்போதும் சிவப்புக் காலுறை அணிந்திருப்பார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் சேதி. பழைய ஆவணங்களைப் படிக்கவும் தெரியும், அடிக்கட்டையின் சுற்றளவை அளக்கவும் தெரியும். இரண்டையும் ஒரே ஆள் செய்ததுதான் அவருடைய பலம். 1975இல் ஹேலி காட்டைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது.

ஹேலி காடு பழங்காலத்தில் ஈலி நகரத்து பிஷப்பின் சொத்து. 1251இல் பிஷப்பின் ஆட்கள் அவருடைய நிலபுலன் அத்தனையையும் அளந்து பதிந்தார்கள். அதில் இந்தக் காடு 80 ஏக்கர் என்று இருக்கிறது. மதுரையில் முதலாம் சடையவர்ம சுந்தர பாண்டியன் பட்டத்துக்கு வந்த அதே ஆண்டு. அப்போதே அது பெயரோடும் எல்லையோடும் இருந்த காடு. அன்றைய ஏக்கரும் இன்றைய ஏக்கரும் ஒன்றல்ல. அளவுகோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும். நம் கல்வெட்டுகளில் பதினாறு சாண் கோல், பன்னிரண்டு சாண் கோல் என்று வருவதைப் போல.

எல்லையைச் சுற்றி ஒரு மண் கரையும் வெளிப்பக்கம் ஒரு பள்ளமும் வெட்டியிருந்தார்கள். வெட்டிய கட்டையில் துளிர்க்கும் குருத்தை ஆடுமாடு மேய்ந்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. இன்றைக்கும் அந்தக் கரையின் மேல் நடக்கலாம். வளைந்து வளைந்து போகும். நில அளவையாளர் நூல் பிடித்துப் போட்ட எல்லையாக இருந்தால் நேராக இருக்கும். வளைவுதான் பழமைக்குச் சாட்சி என்கிறார் ராக்கம்.

ஆக, அறுநூறு எழுநூறு ஆண்டு இந்தக் காட்டைக் காத்தது எது? சட்டமா, பக்தியா? இரண்டும் இல்லை. அதன் கம்புக்கு விலை இருந்தது. வருமானம் தரும் காட்டை யாரும் உழுது கோதுமை போடமாட்டார்கள். விறகு வெட்டியதால் காடு அழிந்தது என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கிலாந்தில் விறகுக்கும் இரும்பு உலைக்கரிக்கும் பயன்பட்ட காடுகள்தான் பெரும்பாலும் பிழைத்தன என்பது ராக்கம் ஆவணங்களைக் காட்டி நிறுவிய உண்மை.

ரயில் வந்தது, விறகு போனது

1862இல் பெட்ஃபோர்டு – கேம்பிரிட்ஜ் ரயில் பாதை ஹேலி காட்டின் ஓரத்தை ஒட்டியே போடப்பட்டது. ரயில் வந்ததும் சுரங்கத்து நிலக்கரி கிராமம் வரைக்கும் மலிவாக வந்து இறங்கியது. விறகு வாங்க ஆள் குறைந்தது. பிறகு இரும்புக் கம்பி வேலி வந்தது, படலுக்கு வேலையில்லை. செங்கல் சுவர் வந்தது, தட்டிக்கு வேலையில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில் ஹேலியில் முறை வைத்து வெட்டும் வழக்கம் ஏறக்குறைய நின்றேபோனது.

இங்கே நம் ஊர்க் கதையையும் நினைத்துப் பார்க்கலாம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1856இல். நம் பக்கத்தில் நிலக்கரி இல்லை. சென்னை மாகாண ரயில் எஞ்சின்கள் நெடுங்காலம் விறகைத்தான் தின்றன. அதற்காகவே கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் போட்டார்கள். காடுகளை மறுதாம்பு முறையில் சுற்று வைத்து வெட்டும் திட்டங்களும் வந்தன. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒரே ரயில், இங்கிலாந்தில் விறகை வேண்டாத பொருளாக்கியது; நம் ஊரில் விறகுக்குப் பெரும் பசியை உண்டாக்கியது. இயந்திரம் ஒன்றுதான். அது எந்த மண்ணில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

விலை போன காட்டுக்கு என்ன கதி? முதல் உலகப் போரில் மரத்துக்குத் திண்டாடிய பிரிட்டன், 1919இல் வன ஆணையம் ஒன்றை அமைத்தது. அப்போது நாட்டின் நிலப்பரப்பில் காடு 5 சதவீத அளவுக்குத்தான் இருந்தது. சீக்கிரம் வளரும் ஊசியிலை மரங்களை நடுவதே கொள்கையாயிற்று. இரண்டாம் போருக்குப் பிறகு, பழைய காடுகளை வேரோடு பிடுங்கிக் கோதுமை வயலாக்கினார்கள், இல்லையென்றால் மருந்து அடித்துக் கொன்று ஊசியிலை நட்டார்கள். 1945க்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் அழிந்த பழங்காடு, அதற்கு முந்தைய நானூறு ஆண்டுகளில் அழிந்ததற்கு ஏறக்குறைய ஈடு என்று ராக்கம் கணித்தார். இவ்வளவும் விவசாய வளர்ச்சி, மரம் நடுதல் என்ற நல்ல பெயர்களில் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் கையில் எடுத்தார்கள்

இந்த நேரத்தில்தான் தொண்டர்கள் வருகிறார்கள். கேம்பிரிட்ஜ் பகுதி இயற்கை ஆர்வலர்கள் 1956இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். 1962இல் அந்த அறக்கட்டளை ஹேலி காட்டை விலைக்கு வாங்கியது. வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது? பூட்டி வைத்தால் போதும், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று அந்தக் காலத்தில் பலரும் நம்பினார்கள். ஆனால் வெட்டு நின்றுபோன ஹேலி காட்டில் ஹேசல் புதர்கள் உயர்ந்து நெருங்கி, தரையில் வெளிச்சமே படாமல் இருட்டிக் கிடந்தது. அந்தக் காட்டுக்குப் பெருமையே ஆக்ஸ்லிப் என்ற மஞ்சள் பூதான். பிரிட்டனில் கிழக்குப் பகுதியில் மட்டும், பழைய காடுகளில் பூக்கும் பூ அது. வெளிச்சம் இல்லாமல் அது சோர்ந்து போனது.

1964இல் தொண்டர்கள் மறுபடி வெட்ட ஆரம்பித்தார்கள். பழைய முறைப்படி ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு சிறு பகுதி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் காட்டின் ஒரு பங்கைத் தொடாமலே விட்டார்கள். வெட்டிய இடத்தில் முதல் வசந்தத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வசந்தத்தில் தரையே தெரியாத அளவுக்குப் பூ. பூவைத் தேடிப் பட்டாம்பூச்சி. குருத்து உயர்ந்து அடர்த்தியானதும் அதில் கூடு கட்டப் பறவை. மறுபடி நிழல் மூடியதும் பூ ஓய்வெடுக்கும், அடுத்த வெட்டு வரும்வரை. நூற்றாண்டுக் கணக்கில் மனிதன் வெட்டிய தாளத்துக்கே அந்தக் காட்டு உயிர்கள் பழகியிருந்தன. கம்புக்கு விலை இருந்தவரை சந்தை செய்த வேலையை, விலை போன பிறகு தொண்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கட்டுரையின் சாரமே இந்த ஒரு வரிதான்.

இதே காலத்தில் நாடெங்கும் இப்படிச் சில முயற்சிகள் நடந்தன. 1959இல் சர்ரே மாவட்டத்து பாக்ஸ் ஹில் குன்றில் இளைஞர்களும் மற்றவர்களுமாக 42 பேர் கூடினார்கள். பின்னால் தொலைக்காட்சியில் புகழ் பெற்ற தாவரவியலாளர் டேவிட் பெல்லமியும் அவர்களில் ஒருவர். பிரிட்டனின் இயற்கைப் பாதுகாப்புத் தொண்டர் படைக்கு அதுதான் முதல் பணி. என்ன பணி தெரியுமா? புல்வெளியை மூடிவந்த புதர்களை வெட்டி அகற்றுவது! நான் மேலே சொன்ன பிராட்ஃபீல்டு காட்டுக்கு 1252 முதல் வெட்டுக் கணக்கு இருக்கிறது. அதன் கம்புகளை வாங்கிப் புல் வாரும் கருவிக்குக் கைப்பிடி செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்று பக்கத்தில் இயங்கியது. அப்படியும் 1960களில் காட்டின் பெரும்பகுதியைப் பிடுங்கிவிட்டார்கள். மிச்சத்தை 1970 வாக்கில் இயற்கை ஆர்வலர்கள் காப்பாற்றினார்கள். 1987இல் ஸ்காட்லாந்தின் வூப்லா காடு, அந்த நாட்டில் ஊர்ச் சமூகமே விலைக்கு வாங்கிய முதல் காடானது. அதற்கு முன்னின்றவர் டிம் ஸ்டெட் என்ற சிற்பி. மரத்தாலேயே கோடரித் தலைகளைச் செதுக்கி விற்று அதற்குப் பணம் சேர்த்தார். கோடரியை விற்றுக் காடு வாங்கிய மனிதர்!

வெட்டினால் மட்டும் போதாது

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் காட்டுக்கு முடிவுரை கிடையாது. ஹேலியில் பூ திரும்பியதும் மான் வந்தது. ஓநாய் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆன நாட்டில் மானைப் பிடித்துத் தின்ன எதுவும் இல்லை. ஆக்ஸ்லிப் பூவையும் வெட்டிய கட்டையின் குருத்தையும் மான்கள் மேய்ந்து தீர்த்தன. பிஷப் காலத்து மண் கரை ஆடுமாட்டைத் தடுத்தது. தாண்டிக் குதிக்கும் மானைத் தடுக்கவில்லை. தொண்டர்கள் உயரமான வேலி கட்டக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு வெட்டுவதற்கு ஆகும் நேரத்தோடு வேலி பார்ப்பதற்கு ஆகும் நேரமும் சேர்ந்துவிட்டது.

1987 அக்டோபரில் தென்கிழக்கு இங்கிலாந்தில் பெரும்புயல் அடித்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. பதறிப்போய் எந்திரங்களை விட்டு எல்லாவற்றையும் வாரியெடுத்துப் புதுக் கன்று நட்ட இடங்களும் உண்டு, அப்படியே விட்ட இடங்களும் உண்டு. விழுந்த மரங்களில் பல, வேர் மண்ணில் இருந்ததால் கிடந்த நிலையிலேயே துளிர்த்தன. சில இடங்களில் புயல் செய்ததைவிட எந்திரங்கள் செய்த சேதமே அதிகம் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள். எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதும் தொண்டில் ஒரு பாடம்.

2012இல் இன்னொரு அடி விழுந்தது. ஆஷ் மரங்களைக் கருகவைக்கும் பூஞ்சை நோய் பிரிட்டனில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. கிழக்கு ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த நோய் அது. காற்றிலும் பரவும். ஆனால் பிரிட்டனில் அது முதலில் பிடிபட்டது இறக்குமதி செய்த நாற்றங்கால் கன்றுகளில். அந்த அக்டோபரில் அரசு ஆஷ் கன்றுகளின் இறக்குமதிக்குத் தடை போட்டது. தன் காட்டிலேயே புல் மாதிரி முளைக்கும் மரத்துக்குக் கடல் கடந்து கன்று வாங்கியிருக்கிறார்கள்! ராக்கம் தம் கடைசி ஆண்டுகளில் இதைத்தான் ஓயாமல் எச்சரித்தார். 2014இல் ஆஷ் மரத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். காட்டுக்கு இன்றைய பெரிய ஆபத்து கோடரி அல்ல, உலகம் முழுக்கக் கன்றுகளை ஏற்றி இறக்கும் வியாபாரம் என்பது அவர் கட்சி.

எங்கள் சிறு காட்டிலும் ஆஷ் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து வருகின்றன. காய்ந்த கிளை எப்போது விழும் என்று சொல்ல முடியாததால், சில பாதைகளில் எங்களை வேலை செய்யவே விடுவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வேலைக்கு முன்னால் பத்து நிமிடம் பாதுகாப்பு விளக்கம் உண்டு. நம் பட்டறை வகுப்பில் முதல் நாள் சொன்னார்களே, அதேபோல. கையுறை, தலைக்கவசம், ஒருவர் வெட்டும்போது இரண்டு மர நீளத்துக்குள் இன்னொருவர் நிற்கக் கூடாது.

யார் இவர்கள்?

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், செவிலியர் ஒருவர், இரண்டு மூன்று ஆராய்ச்சி மாணவர்கள். குழுவை நடத்துபவருக்கு எழுபது வயதுக்கு மேல். பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எனக்கும் அவருக்கும் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் தேநீர் இடைவேளையில் அவரிடம், "இன்றைக்கு வெட்டும் இந்தப் பகுதிக்கு அடுத்த வெட்டு எப்போது சார்?" என்று கேட்டேன். "பத்து வருஷம் கழிச்சு. அப்போ ரம்பம் உன் கையில இருக்கணும்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க அது என் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

தொண்டு முயற்சிகளின் பலவீனமும் அதுதான். சந்தைக்கு வயதாவதில்லை. தொண்டர்களுக்கு வயதாகிறது. எங்கள் குழுவில் பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். பத்தாண்டுச் சுற்றில் ஒரே ஒரு சுற்று தவறினால் மரம் தடித்துவிடும், கைரம்பத்துக்கு அடங்காது, எந்திரம் வேண்டும், செலவு ஏறும். அடுத்த சுற்றும் தவறும். ஹேலியில் முன்பு நடந்தது மறுபடி நடக்கும். ஆகவே காட்டில் மறுதாம்பு விடுவதைப் போலவே குழுவிலும் விட வேண்டியிருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

"சரி, குளிர்நாட்டுக் கதை, நமக்கென்ன?" என்று மாணவர்கள் கேட்கலாம். நாளைக்கே கொடுவாளை எடுத்துக்கொண்டு பக்கத்து மலைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அது பெரும் தவறாகிவிடும். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு குணம். கோத்தகிரி நகரை ஒட்டி லாங்வுட் சோலை இருக்கிறது, 116 ஹெக்டேர். நீலகிரிச் சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. அங்கே வெட்டினால் சோலை போய்விடும், சோலையோடு சுற்றுக் கிராமங்களுக்குக் குடிநீர் தரும் ஓடைகளும் போய்விடும். அந்த ஊர்க்காரர்கள் கண்காணிப்புக் குழு அமைத்து, விறகு வெட்டையும் குப்பையையும் அந்நியச் செடிகளையும் தடுத்து அதைக் காத்துவருகிறார்கள். ஹேலியில் வெட்டுவது காவல். லாங்வுட்டில் வெட்டாமல் தடுப்பது காவல். இரண்டு இடத்திலும் பொதுவானது ஒன்றுதான். அந்தக் காட்டுக்கு என்ன தேவை என்று தெரிந்த ஊர்க்காரர்கள் சிலர், முறை தவறாமல் வந்து நிற்கிறார்கள்.

இது நமக்குப் புதிதும் அல்ல. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்களைச் சொல்கின்றன. வாரிய உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒரு முறை குடவோலையில் மாறுவார்கள். ஏரிக்குக் கோடையில் தூர் எடுக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரும் குடிமராமத்து, சென்ற நூற்றாண்டு வரை பல ஊர்களில் உயிரோடு இருந்தது. ஏரியைப் பூட்டி வைத்துக் காக்க முடியுமா? வருஷா வருஷம் மண்ணை அள்ளினால்தான் ஏரி. அள்ளுவது நின்றால் மேடு, மேடானால் மனை, மனையானால் பட்டா. எந்தக் காலத்தில் யார் முறையை விட்டார்கள் என்று பிறகு தேடிப் பயனில்லை.

என் துறை சார்ந்து ஒன்று சொல்லி முடிக்கிறேன். எந்த இயந்திரத்தை வாங்கினாலும் கூடவே ஒரு பராமரிப்பு அட்டவணை தருவார்கள். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை எண்ணெய், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை தாங்கி உருளை என்று அதில் இருக்கும். இயந்திரத்தைப் பூட்டி வைப்பவனை யாரும் நல்ல பொறியாளன் என்று சொல்லமாட்டார்கள். ஊர்ப் பொதுச் சொத்துகளுக்கு அப்படி ஓர் அட்டவணை எழுதப்படாமலே இருந்தது, ஊர்ப் பெரியவர்களின் நினைவில். அந்த நினைவு அறுந்துபோன இடங்களில் அதை மறுபடி எழுத வேண்டிய பொறுப்பு படித்தவர்களுக்கு இருக்கிறது. ராக்கம் ஹேலி காட்டுக்கு அதைத்தான் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் காட்டுக்குள்ளும் இறங்கினார்.

மாணவர்களே, நீங்கள் நடும் கன்றுக்கு நடுவிழாப் படம் எடுப்பதோடு மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு யார் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த பேட்சிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நம் முன்னாள் மாணவர் சங்கமும் ஆண்டுக்கு ஒரு முறை கூடும்போது அந்தத் தாளை ஒரு தரம் எடுத்துப் பார்க்கலாம். பணம் அதிகம் ஆகாது. முறை தவறக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் குளிர்காலம் எங்கள் காட்டில் ஐந்தாவது பகுதியின் முறை. ஹேசல் வெட்டு முடிந்ததும் படல் பின்ன ஒரு பெரியவர் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நன்றாக வந்தால் பெரியப்பாவுக்குப் படம் அனுப்ப வேண்டும். "இதுல என்னப்பா அதிசயம்?" என்று அவர் கேட்பார் என்பது எனக்குத் தெரியும்.